நிற்கத் தெரிந்த மோட்டார்

ஜூன் 16, 2025, திங்கள்
அருப்புக்கோட்டை

மோட்டாருக்குக் காயில் கட்டும் என் கடைக்கு இன்று கூரியரில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஏரீஸ் போர்டு. திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் நிறுவனம் வடிவமைத்தது. அதன் மூளை தேஜஸ்32 என்ற சில்லு: 32 பிட், நொடிக்கு 10 கோடி துடிப்பு, 256 கிலோபைட் நினைவகம், மோட்டார் வேகத்தை ஆள உதவும் எட்டு பிடபிள்யூஎம் வழிகள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் இது அமைந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சில்லும் அதே குடும்பம்தான்.

வாங்கச் சொன்னது அக்கா மகள். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருக்கிறாள். வேலை கொடுத்தது எங்கள் தெருவில் தறிக்குத் தார் சுற்றும் அக்கா. "தம்பி, ராட்டை சுத்திச் சுத்தித் தோள்பட்டை போச்சு. மோட்டார் வச்ச ராட்டை ஒண்ணு வாங்குனேன். சுவிட்சைப் போட்டதும் வெடுக்குனு இழுத்து நூலை அத்துப்போடுது. அந்தது தெரியாம அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டும் கெடக்குது" என்றார்.

இரண்டு புகார்கள். மெதுவாகக் கிளம்ப வேண்டும், நூல் அறுந்தால் நிற்க வேண்டும். மோட்டாரில் கோளாறு இல்லை, அதை ஆளத்தான் ஆள் இல்லை.

ஜூன் 18, புதன்

கடையில் உட்கார்ந்தபடியே மென்பொருளை ஏற்றினோம். ஆர்டுயினோவுக்கு எழுதும் அதே திரையில் வேகா என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் இந்தப் போர்டுக்கும் எழுதலாம். முதல் பாடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான், விளக்கை விட்டுவிட்டு எரிய வைப்பது. விளக்கு எரிந்ததும் எனக்கு மோட்டாரை மாட்டிப் பார்க்கக் கை பரபரத்தது.

"மாமா, மோட்டாரை நேரா போர்டுல மாட்டிராதீங்க" என்றாள். மல்டிமீட்டரை எடுத்து மோட்டாரின் இரண்டு முனையிலும் வைக்கச் சொன்னாள். 12 வோல்ட் டிசி மோட்டார், 775 என்று கடைகளில் கேட்டு வாங்குவது. சுருளின் தடை 0.8 ஓம். 12-ஐ 0.8-ஆல் வகுத்தால் 15 ஆம்பியர். சுழலாமல் நிற்கும் மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கப்பார்ப்பது அவ்வளவு. போர்டின் காலிலிருந்து வருவது 3.3 வோல்ட், சில மில்லிஆம்பியர்.

இது எனக்குப் புதிதில்லை. போர்வெல் மோட்டாரும் கிளம்பும்போது ஓட்டத்தில் இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதற்குத்தானே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். பொத்தானை அமுக்கும் விரல் மின்சாரத்தைத் தாங்குவதில்லை, கான்டாக்டர் தாங்குகிறது. போர்டு அந்த விரல். கான்டாக்டர் இனிமேல்தான் வர வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

மதுரைக்குப் போய்ச் சாமான்கள் வாங்கி வந்தேன். கான்டாக்டருக்குப் பதில் மாஸ்ஃபெட், ஐஆர்எஃப்இசட்44என். அது முழுதாகத் திறக்க அதன் கேட்டில் 10 வோல்ட் வேண்டும். போர்டின் 3.3 போதாது. அரைகுறையாகத் திறந்த மாஸ்ஃபெட் ஹீட்டராகிவிடும். நடுவில் டிசி4427 என்ற கேட் டிரைவர் சில்லு: இந்தப் பக்கம் 3.3 வோல்ட்டைப் புரிந்துகொண்டு அந்தப் பக்கம் 12 வோல்ட்டாகக் கொடுக்கும்.

மோட்டாரின் முனைகளுக்குக் குறுக்கே, நேர்முனையைப் பார்த்து ஒரு ஷாட்கி டயோடு, எஸ்ஆர்560. சுருளில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று வெட்டினால் அது சும்மா அடங்காது, எதிர்த்து எகிறும். ஸ்டார்ட்டர் ரிலேயைத் திறக்கும்போது நீலப்பொறி பறப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த எகிறல் டயோடு வழியாகச் சுற்றி அடங்கவில்லையென்றால் மாஸ்ஃபெட்டைத் துளைத்துவிடும்.

கடைசியாக அவள் சேர்த்தது மிக மலிவான சாமான், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். டிரைவரின் உள்வாயிலிலிருந்து கிரவுண்டுக்கு. "இது எதுக்கு?" என்றேன். "போர்டு ஆன் ஆகி புரோகிராம் ஓட ஆரம்பிக்கறதுக்குள்ள கொஞ்ச நேரம் அந்தக் கால் அந்தரத்துல நிக்கும் மாமா. ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அந்த நேரத்துல மோட்டார் தன்னால சுத்திறக் கூடாதுல்ல?" என்றாள். ஆணை வராதவரை ஆஃப் என்பதை அந்த ரெசிஸ்டர் உறுதி செய்கிறது.

போர்டுக்குத் தனி சப்ளை, மோட்டாருக்கு யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் பேட்டரி. இரண்டுக்கும் கிரவுண்டு மட்டும் பொது. ஒரே சிறிய அடாப்டரில் இரண்டையும் மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் காட்டினாள். மோட்டார் துள்ளிய நொடியில் வோல்டேஜ் விழுந்து போர்டு செத்துப் பிழைத்தது.

ஜூன் 22, ஞாயிறு
திருச்சுழி

தெரிந்த விவசாயி ஒருவர் சோலார் பம்ப்பைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். வழியெல்லாம் ஆனிக் காற்று. கண்மாய்களில் கருவேலம் மட்டும் பச்சை. ரமணர் 1879-இல் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் திருச்சுழிக்கு வருகிறார்கள். நமக்கு இங்கே வேலை எப்போதும் தண்ணீர் மோட்டாரோடுதான்.

குசும் திட்ட மானியத்தில் போட்ட பம்ப். காலை ஏழரைக்கு கன்ட்ரோலர் பெட்டியின் முன் நின்றோம். திரையில் 28 ஹெர்ட்ஸ், பிறகு 33, 37. தரையில் காது வைத்தால் மோட்டார் சுற்றுவது கேட்கிறது, குழாயில் சொட்டு இல்லை. "காலையில இப்படித்தான் தம்பி மொண்டி பண்ணும். ரிப்பேரா?" என்று கேட்டார்.

ரிப்பேர் இல்லை. பெட்டிக்குள்ளும் ஏரீஸ் போல ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. சோலார் பலகை தரும் டிசியை வெட்டி வெட்டி மூன்று பேஸ் ஏசியாக்கி, வெயில் ஏற ஏற அலைவெண்ணை உயர்த்துகிறது. வோல்டேஜையும் கூடவே உயர்த்த வேண்டும். 50 ஹெர்ட்ஸில் 415 வோல்ட் கேட்கும் மோட்டாருக்கு 40 ஹெர்ட்ஸில் 332 போதும், அதற்கு மேல் கொடுத்தால் இரும்பு சூடாகும். பம்ப் தள்ளும் உயரமோ வேகத்தின் வர்க்கத்தில் மாறும். முழு வேகத்தில் 300 அடி தள்ளுகிற பம்ப் 40 ஹெர்ட்ஸில் 192 அடிதான் தள்ளும். தண்ணீர் 200 அடியில் கிடந்தால் அது மேலே வராது. வெயில் ஏறி 41, 42 ஹெர்ட்ஸ் தாண்டினால்தான் வரும். மணலில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். எட்டரை மணிக்குக் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

எனக்குப் பிடித்தது இன்னொரு வசதி. ஊற்று வற்றிப் பம்ப் காற்றை இறைக்க ஆரம்பித்தால் சுமை குறைந்து ஆம்பியர் விழும். கன்ட்ரோலர் அதைக் கண்டு நிறுத்திவிடும். தண்ணீரில்லாமல் ஓடி பேரிங்கும் புஷ்ஷும் தேய்ந்து, காயில் கருகி என் கடைக்கு வந்த நீர்மூழ்கிகள் எத்தனை! இந்த மண்ணில் மோட்டாரை ஓட்டுவதற்கு எல்லாருக்கும் தெரியும். கிணறு வற்றிய நேரத்தில் நிறுத்துவதற்குத்தான் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை.

ஜூன் 25, புதன்

மெதுவாகக் கிளப்பும் வேலை. பிடபிள்யூஎம் என்பது சுவிட்சை அதிவேகமாகப் போட்டு அணைப்பது. போட்டிருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும். முதலில் நொடிக்கு 1,000 தடவை வைத்தோம். மோட்டார் கீச்சென்று ஒரே சுதியில் கத்தியது. 20,000-க்கு ஏற்றியதும் காதுக்கு எட்டாமல் போயிற்று.

நொடிக்கு 10 கோடி துடிப்பை 20,000-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 5,000 துடிப்பு. பூச்சியத்திலிருந்து தொடங்கி 10 மில்லிநொடிக்கு ஒரு தடவை 25 துடிப்பு கூட்டிக்கொண்டே போனால் 200 படியில், 2 நொடியில், முழு வேகம். தார்க்குச்சியை மாட்டி நூலைக் கோத்துவிட்டோம். நூல் சிட்டம் மெல்ல அசைந்து, திரும்பி, பிறகுதான் ஓட்டம் எடுத்தது. நூல் அறவில்லை.

இந்தச் சில்லில் தசமக் கணக்குக்குத் தனி வன்பொருள் கிடையாது. செய்யும், ஆனால் சுற்றி வளைத்துச் செய்யும். அதனால் 1.85 ஆம்பியர் என்று எழுதாமல் 1850 மில்லிஆம்பியர் என்று முழு எண்ணிலேயே எழுதிக்கொண்டோம்.

ஜூன் 28, சனி

இன்று நிறுத்தும் வேலை. தண்ணீர் நின்றால் ஆம்பியர் காட்டிக்கொடுக்கிறது. ஓர் இழை அறுந்ததற்கு மோட்டாரின் ஆம்பியர் அசையக்கூட இல்லை. ஆகவே நூலையே சாட்சிக்கு வைத்தோம். நூல் ஒரு கம்பிக் கொக்கியின் மேல் ஏறிப் போகும். நூல் விறைப்பாக இருக்கும்வரை கொக்கி ஒரு மைக்ரோ சுவிட்சை அமுக்கியபடி இருக்கும். அறுந்தால் விடும்.

நூல் அறும்போது சுவிட்ச் மூடுகிற மாதிரி வைப்பதா, திறக்கிற மாதிரி வைப்பதா என்று அவள் யோசித்தாள். இதில் நான் வாத்தியார். பழைய ஸ்டார்ட்டர் ஒன்றைக் கழற்றிக் காட்டினேன். பச்சைப் பொத்தான் திறந்தே இருக்கும், அமுக்கினால் மூடும். சிவப்புப் பொத்தான் மூடியே இருக்கும், அமுக்கினால் திறக்கும். ஏன் இப்படி? சிவப்புக்குப் போகும் ஒயரை எலி கடித்தாலும் மோட்டார் நின்றுவிடும். பாதுகாப்பு அறுந்தால் ஓட்டமும் அற வேண்டும். ஸ்டார்ட்டர் செய்தவர்கள் இந்தப் புத்தியைப் பல தலைமுறைக்கு முன்பே பொத்தானில் வைத்துவிட்டார்கள்.

அவள் அதையே இன்னொரு படி கொண்டுபோனாள். சுவிட்சைப் போர்டுக்கு மட்டும் சொல்லவிடாமல், போர்டிலிருந்து டிரைவருக்குப் போகும் ஒயரிலேயே தொடராக வைத்தாள். நூல் அறுந்தால் ஆணை பாதியில் துண்டாகும், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாயிலைக் கீழே இழுத்துவிடும். புரோகிராம் எங்காவது சிக்கி உறைந்து கிடந்தாலும் மோட்டார் நிற்கும். சோதிப்பதற்காக முடிவில்லாத வளையத்தில் புரோகிராமை வேண்டுமென்றே மாட்டிவிட்டு நூலைக் கத்தரித்தோம். நின்றது.

போர்டுக்கும் செய்தி போகிறது. அது செய்ய வேண்டியது ஒன்றுதான்: நூலை முடிந்து கொக்கியில் ஏற்றினாலும் தானாகக் கிளம்பாமல், பொத்தானை அமுக்கும்வரை காத்திருப்பது. கரன்ட் போய் வந்தால் கான்டாக்டர் தானாக ஒட்டாது அல்லவா, அதே ஒழுங்கு. முடிச்சுப் போடும் விரல் தார் பக்கத்தில் இருக்கும்போது கிளம்பினால் என்ன ஆகும்!

ஜூலை 2, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணியிலிருந்து கரன்ட் இல்லை. தெருவில் தறிச் சத்தம் அடங்கிக் கிடந்தது. பேட்டரியில் எங்கள் ராட்டை மட்டும் ஓடியது.

மதியம் பேச்சு கமுதிக்குப் போயிற்று. 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் பலகைகளைத் துடைக்க ரோபோக்கள் ஓடுகின்றன. தண்ணீரில்லாச் சீமையில் புழுதி படிந்த கண்ணாடியை ஆள் வைத்துக் கழுவி மாளாது. அங்கே பிரஷ்ஷைச் சுழற்றுவதும் ஒரு மோட்டார், அதற்கும் ஒரு ஆணை. பலகையின் விளிம்பு வந்தால் அது நின்றாக வேண்டும்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் ஆலையில் 1937-இல் உள்நாட்டிலேயே மோட்டார் செய்துகாட்டினார்கள். மோட்டார் நம் கைக்கு வந்து இவ்வளவு காலம். அதை ஆளும் சில்லு இப்போதுதான் வந்து சேர்கிறது.

ஒரு குறை எழுதிவைக்க வேண்டும். நூல் அறுந்த பிறகும் மோட்டார் வந்த வேகத்தில் சற்று நேரம் சுழன்றுதான் அடங்குகிறது. அதற்குள் அறுந்த முனை தாருக்குள் போய்விடுகிறது. இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மோட்டாரே ஜெனரேட்டராகித் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். அதற்கு இன்னொரு மாஸ்ஃபெட் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காமல் இடைவெளியும் விட வேண்டும். அடுத்த வேலை அது.

ஜூலை 6, ஞாயிறு

ராட்டையைத் தார் சுற்றும் அக்கா வீட்டில் மாட்டிவிட்டு வந்தோம். வேகம் கூட்டக் குறைக்க ஒரு திருகு, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. ஒரு தார் முழுதாகச் சுற்றி எடுத்து, விரலால் அழுத்திப் பார்த்தார். "இறுக்கம் சரியா இருக்கு. வேகம் மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார். திருகைக் காட்டினேன். அவரே கூட்டிக்கொண்டார்.

காயில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மோட்டாரின் சுபாவம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கற்க வேண்டியது போர்டு பாதிதான். 12 வோல்ட் பேட்டரியில் சிறிய மோட்டாரோடு தொடங்குங்கள். வீட்டு மின்சாரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். புரோகிராமில் முதல் வரி எழுதுவதற்கு முன், அந்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் சிவப்புப் பொத்தானையும் மாட்டிவிடுங்கள். மோட்டார் நிற்கும் என்று உறுதியான பிறகு ஓட்டிப் பாருங்கள்.