மார்ன் ஆற்றங்கரை மண்டபம்

பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் சில வருடங்கள் குடியிருந்தேன். நகரசபைக்குப் பின்னால் ஊருக்குப் பொதுவாக ஒரு விழா மண்டபம். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, நடுவில் ரத்ததான முகாம், ஞாயிறுகளில் பெரியவர்களின் லோட்டோ. மாலையில் மடக்கு நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டால் அது எங்களுடையது. தேய்ந்த மரத்தளம், கணகணக்கும் பழைய ரேடியேட்டர், ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காகத் திறக்கும் சிவப்புத் திரை. அங்கேதான் இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் ‘லா வீ பாரிசியேன்’ என்ற ஒப்பரெட்டாவை, அதாவது சிரிப்பு இசைநாடகத்தை, போட்டோம்.

கூட்டுப்பாட்டுக்கு என்னை இழுத்துவிட்டவர் மருந்துக்கடைக்கார அம்மா. எனக்குச் சுருதி சேராதே என்று தயங்கினேன். “இது பாடகர்களுக்காக எழுதினதே இல்லை, வாருங்கள்” என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். 1866இல் இது முதலில் மேடையேறிய பலே ருவயால் அரங்கம் சிரிப்பு நாடகங்களுக்குப் பேர்போனது. அங்கிருந்த நடிகர்களில் பெரும்பாலோர் முறையாகப் பாடக் கற்றவர்கள் அல்லர். சுல்மா பூஃபார் என்ற பாடகியைத் தனியாக அழைத்துவந்து, மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் தொண்டைக்கு எட்டிய மெட்டைக் கொடுத்தார் ஓஃபன்பாக்.

கதையோ முழுக்க ஏமாற்று வேலை. பாரிஸைச் சுற்றிப்பார்க்க வரும் சுவீடன் பிரபுவிடமும் மனைவியிடமும் வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் ஒட்டிக்கொள்கிறான். தன் வீட்டையே ஹோட்டல் என்கிறான். செருப்புத் தைப்பவர் ராணுவ மேஜராகிறார், கையுறை விற்பவள் கர்னலின் விதவையாகிறாள். ஓஃபன்பாக்கே கொலோனில் பிறந்து 14 வயதில் பாரிஸுக்கு வந்தவர். ஊருக்குப் புதிதாக வருகிறவனின் வியப்பும் அசட்டுத்தனமும் அவருக்குத் தெரியாததா!

முதல் காட்சி ரயில் நிலையம். மேற்கு ரயில்பாதை ஊழியர்கள் ஊர்ப்பெயர்களை அடுக்கிப் பாடுவார்கள். எங்கள் வரிசையில் நிஜமாகவே ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். மற்றவர்கள் கொடி பிடித்த லட்சணம் அவருக்குப் பொறுக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, முழங்கையை எங்கே வைக்கவேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினார். இசை நடத்துநர் பியானோ மூடியில் தாளம் போட்டுக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

மூன்றாம் அங்கத்து விருந்தில் சுவிட்சர்லாந்துக் கடற்படைத் தளபதி வருவார். கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்படை! அவருடைய இறுக்கமான கோட்டின் முதுகு கிழிந்துபோக, அதையே எல்லோரும் பாட்டாகப் பாடுவார்கள். எங்கள் தளபதி தபால் நிலைய ஊழியர். அவர் கோட்டின் நடுமுதுகை மட்டும் தையற்காரப் பாட்டி ஒற்றை நூலால் நீளநீளமாக ஓட்டியிருந்தார். நூலின் நுனி உள்பக்கமாகக் கைக்குள் வரும். சுண்டி இழுத்தால் சரக்கென்று பிரியும். ஒருநாள் முன்கூட்டியே பிரிந்துவிட, மனிதர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டே நகர்ந்து சமாளித்தார். அன்று விழுந்த சிரிப்பு வேறு எந்த நாளும் விழவில்லை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பாட்டி மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு மறுபடியும் ஊசியில் நூல் கோப்பார்.

2021இல் இதே ஒப்பரெட்டாவை உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியான் லக்ருவா பாரிஸின் ஷான்செலிஸே அரங்கில் இயக்கினார். கண்ணைப் பறிக்கும் உடைகள், தேர்ந்த குரல்கள். அங்கே போனவர்களும் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். அந்தக் கோட்டைத் தைத்தவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் மண்டபத்தில் அது கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரியும். முதுகு கிழிந்ததும் கைதட்டல் தளபதிக்குப் பாதி, பாட்டிக்குப் பாதி.