தட்டின் மேல் இருக்கும் கோடுகள்

'ஸ்டார் டிரெக்' தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்கு ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட பழைய மாதிரிக் கிட்டைக் கட்ட உட்காருகிற பலர் முதலில் கையில் எடுப்பது உப்புத்தாள்தான். கப்பலின் வட்டத் தட்டில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். தொலைக்காட்சியில் அப்படிக் கோடுகள் தெரியவில்லையே என்பது அவர்கள் வாதம். உண்மைதான். படப்பிடிப்புக்காகச் செய்த பதினோரு அடி மாதிரியில் அவை மெல்லிய பென்சில் கோடுகள். கிட்டிலோ தடவினால் விரலில் படும். ஆனாலும் நான் தேய்ப்பதில்லை.

'ஸ்டார் டிரெக்' 1966 செப்டம்பரில் என்.பி.சி.யில் தொடங்கி 1969இல் முடிந்தது. 79 பகுதிகள்தான். எங்களுக்கு அது எண்பதுகளில், தூர்தர்ஷனின் ஞாயிறு காலையில் வந்து சேர்ந்தது. கார் மாதிரிகள் செய்துகொண்டிருந்த மிச்சிகன் மாநில நிறுவனமான ஏ.எம்.டி., தொடருக்குத் தேவைப்பட்ட 'கலிலியோ' சிறுகலத்தை ஆள் உள்ளே ஏறும் அளவில் தன் செலவில் கட்டிக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கிட் உரிமையைப் பெற்றது. தொடரும் பொம்மையும் அன்றே ஒன்றுக்கொன்று கடன்பட்டவை.

அந்தக் கடனின் அழகான சாட்சி 1967 அக்டோபரில் ஒளிபரப்பான 'தி டூம்ஸ்டே மெஷின்'. சிதைந்து மிதக்கும் கான்ஸ்டலேஷன் என்ற கப்பல் அதில் வரும். அது கடையில் விற்ற இதே பதினெட்டு அங்குல கிட். கிட்டோடு வரும் 1701 என்ற எண்களையே இடம் மாற்றி 1017 என்று ஒட்டி, உடைத்துச் சிதைத்துப் படம் பிடித்தார்கள். அப்படித் திரைக்கே போய்வந்த ஒரு பொருளை மூலத்தின் மட்டமான நகல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அதற்காகக் கிட்டின் பலவீனத்தைப் பூஜிக்க வேண்டியதில்லை. பின்னால் நீளும் இரண்டு எஞ்சின் குழல்களையும் தாங்கும் கால்கள் மெல்லியவை. நாளாக ஆகக் குழல்கள் சரிந்து, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும். கால்களுக்குள் பித்தளைக் கம்பி செருகிய பிறகுதான் ஒட்டுகிறேன். பாதிகள் சேரும் விளிம்பில் பட்டி பார்த்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு நுண்ணிய உப்புத்தாளால் இழைக்க வேண்டும். இந்த வேலையில் அவசரம் காட்டினால் பெயின்ட் அடித்த மறுநாளே தழும்பு வெளியே வரும்.

நிறம் தீராத சண்டை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் பதினோரு அடி மாதிரி இருக்கிறது. பலமுறை பழுதுபார்க்கப்பட்ட அதில், தட்டின் மேற்பரப்பில் மட்டும் அறுபதுகளின் பெயின்ட் தப்பியிருந்தது. 2016இல் முடிந்த சீரமைப்புக்கு அதுவே சான்றானது. லேசாகப் பச்சை தட்டும் சாம்பல். நானும் அதையே கலக்குகிறேன். ஸ்டூடியோ விளக்கில் நீலமாகவும் வெள்ளையாகவும் தெரிந்தது விளக்கின் வேலை.

பழைய பெட்டியில் மிகவும் பயப்பட வேண்டியது, எண்களையும் எழுத்துகளையும் ஒட்டுவதற்கான டீகால் தாள். ஐம்பது வருஷத்தில் மஞ்சள் ஏறிவிடும், தண்ணீரில் போட்டதும் நொறுங்கும். ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க ஒட்டிவைத்தால் மஞ்சள் மெல்ல வெளுக்கும். நம் ஊர் வெயில் இதற்கு ஒரு வரம். பிறகு மேலே ஒரு பூச்சு நிறமற்ற லாக்கர், அது காய்ந்த பிறகே கத்தரிக்கோல்.

இப்போது துல்லியமான புது டீகால் தாள்கள் தனியாகவே விற்கின்றன. எண்டர்பிரைஸ் கட்டும்போது அவற்றை வாங்குவதில் தவறில்லை. கான்ஸ்டலேஷன் கட்டுகிறேன் என்று வருபவர்களிடம் மட்டும் வேண்டாம் என்பேன். பெட்டியில் இருக்கும் அந்த நான்கு எண்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டுங்கள். 1967இல் அவர்கள் செய்ததும் அதுதான்.