உச்சிவெயிலில் ஓர் இருண்மை

திரைப்படத்தில் அச்சத்துக்கும் துயரத்துக்கும் உரிய பொழுது இரவே என்பது உலகெங்கும் ஊறிப்போன வழக்கு. 1940-களில் ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட குற்றப்படங்களைப் பார்த்த பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃபிராங்க், 1946-இல் அவற்றைக் குறிக்க எடுத்தாண்ட 'ஃபிலிம் நுவார்', அதாவது கரிய படம், என்ற பெயரிலேயே அவ்வழக்கு குடியேறிவிட்டது. நாஜிகளின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் முதலானோர், ஜெர்மானியப் படங்களில் பழகிய ஒளியமைப்பை உடன் கொண்டுசென்றனர். முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் முதன்மை விளக்கைப் பாய்ச்சி, நிழலை நிரப்பும் துணைவிளக்கைக் குறைத்தோ நீக்கியோ விடுவது அதன் அடிப்படை. அவ்வாறு விடப்பட்ட முகத்தின் மறுபாதியில் என்ன இருக்கிறது என்ற ஐயத்தைக் கொண்டே கதை நகர்கிறது.

தமிழில் இம்முறையை முழுமையாகக் கையாண்ட முதல் படம் என்ற பெருமை, எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' படத்துக்கு உரியது. 1943-இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசியதைப் பின்புலமாகக் கொண்ட அப்படத்தில், வானொலிப் பொறியாளர் ராஜன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனை அறிந்தவர்களின் வாக்குமூலங்கள் ஒன்றையொன்று மறுத்துச் செல்ல, நாட்டைக் காட்டிக்கொடுத்த ஒருவனின் உருவம் சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. அப்போது புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த சிவாஜி கணேசனை அந்த வேடத்தில் நிறுத்தியதும், பாட்டு ஒன்றுகூட இல்லாமல் படத்தை முடித்ததும் எளிய துணிச்சல்கள் அல்ல. எனினும் அந்த இருள் நகரத்து இருள். மாடிப்படியும் சன்னல் கம்பியும் மின்விளக்கும் இருந்தால்தான் அதற்கு உருவம் கிடைக்கும்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் நிலத்தில் இந்த இருளை இறக்கிவைக்க இடமில்லை. மழை குறைந்து, மரம் அருகி, சீமைக்கருவேல் மண்டிய அந்த வெளியில் ஆட்சி செலுத்துவது வெயில். அதுவே அங்குள்ளோரின் பிழைப்புக்கும் மூலதனம். 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கியபோது, குச்சியும் மருந்தும் விரைவில் காய்வதற்கு ஏற்ற வறண்ட காற்று அங்கே விலையின்றிக் கிடைத்தது. பின்னர் வேரூன்றிய பட்டாசுத் தொழிலும் அந்த வெயிலை நம்பியே வளர்ந்தது. இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் உருவாகிறது. ஆனால் மருந்தை உலர்த்தித் தரும் அதே வெப்பம், உராய்வோடு சேர்ந்தால் கட்டடத்தையே பெயர்த்துவிடும் என்பதால், மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்வது வழக்கம். அச்சம் இரவில் ஒளிந்து வராமல் பட்டப்பகலில் தலைக்குமேல் நிற்கும் ஊர் இது.

தமிழ்க் கவிதையியலுக்கு இது புதிதன்று. ஐந்திணைப் பகுப்பில் பிரிவுக்கு உரிய பாலைத்திணைக்குப் பெரும்பொழுதாக வேனிலும், சிறுபொழுதாக நண்பகலும் வகுக்கப்பட்டுள்ளன. தனிமையில் வருந்துவோரின் மாலைப்பொழுதையும் யாமத்தையும் பாடத் தெரியாதவர்கள் அல்லர் சங்கப் புலவர்கள். இருந்தும் பிரிவின் கொடுமையை நிலமாக்கிக் காட்ட வேண்டியபோது, நீர் வற்றி நிழல் ஒடுங்கிய நடுப்பகலையே தேர்ந்தனர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதில், எந்த நிலமும் வெந்து பாலையாகக்கூடும் என்ற எச்சரிக்கையும் தொனிக்கிறது.

விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் 2006-இல் இயக்கிய 'வெயில்' இந்த மரபை அறிந்து எடுக்கப்பட்டதா என்பது இங்கே பெரிதல்ல. அதன் ஒளியமைப்பு அம்மரபின் வழியில் செல்கிறது என்பதே கவனத்துக்குரியது. படத்தின் முற்பகுதியில் ஒரு பாட்டு முழுவதும் சிறுவர்கள் வெயிலில் ஆடித் திரிகின்றனர். பள்ளிக்குச் செல்லாமல் திரையரங்குக்குப் போய் அகப்பட்டுக்கொண்ட மூத்தவன் முருகேசனை, ஆட்டிறைச்சி விற்கும் அவனுடைய தந்தை அடித்து, ஆடையைக் களைந்து, அதே வெயிலில் கட்டிப்போடுகிறார். பொதுவாக ஒளிப்பதிவாளர்கள் உச்சிப்பொழுதை விரும்புவதில்லை. நேர் மேலிருந்து விழும் ஒளி கண்குழிகளைக் கறுப்பாக்கி, முகத்தின் நயத்தை அழித்து, நிழலைக் காலடியில் ஒடுக்கிவிடும். ஆனால் மறைந்துகொள்ளக் கையளவு நிழலும் இல்லாத உடலின் அவமானத்தைக் காட்ட வேறு எந்த ஒளியும் உதவாது. நுவார் படங்களில் மனிதன் எதையோ மறைப்பதற்காக இருளுக்குள் நகர்கிறான். இங்கே மறைக்க எதுவுமில்லாத சிறுவன் ஊர் பார்க்க வெளிச்சத்தில் நிறுத்தப்படுகிறான்.

வீட்டிலிருந்து திருடிக்கொண்டு ஓடும் அவனுக்கு அடைக்கலம் தருவது இருட்டு. ஓர் ஊரின் திரையரங்கில் படம் ஓட்டுபவரோடு சேர்ந்து தொழில் கற்று, அங்கேயே வளர்ந்து ஆளாகிறான். கருவியறைத் துளையிலிருந்து திரைவரை நீளும் ஒளிக்கற்றை ஒன்றுதான் அவன் வாழ்வில் சுடாத வெளிச்சம். காதலித்த பெண்ணின் சாவும் அரங்கின் அழிவும் அந்த நிழலையும் பறித்துக்கொள்ள, இருபது ஆண்டுகள் கழித்து வெறுங்கையோடு அவன் வீடு திரும்புகிறான். அந்தத் தோல்வியை, முருகேசனாக நடிக்கும் பசுபதி தோள்களைக் குறுக்கி நிற்கும் நிலையிலேயே உணர்த்திவிடுகிறார். தமிழ்ப் படங்களில் தோற்றவன் ஒருவன் இவ்வளவு குறைந்த பேச்சில் இவ்வளவு முழுமையாக நடிக்கப்பட்டது அரிது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்வு உடலில் புலப்படும் வகைகளைக் கூறும் பகுதி, அழுகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. பிறர் இகழத் தாழ்தல் இளிவு. உரியவரையோ உரியதையோ இழத்தல் இழவு. முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்து வருந்துதல் அசைவு. துய்க்க ஏதுமின்றி ஏங்கி நிற்றல் வறுமை. முருகேசனின் கதையில் இந்நான்கும் ஏறத்தாழ இதே வரிசையில் வருகின்றன. இளிவை முதலில் வைத்த இலக்கணத்தின் நுட்பம் இப்படத்தின்முன் விளங்கும்: இழப்புகளைத் தாங்கிக்கொள்ளும் முருகேசனால், தந்தையின் கண்ணில் இன்னும் திருடனாகவே நிற்பதைத் தாங்க முடிவதில்லை. ஆனால், தம்பியின் விளம்பரத் தொழில் பகையை வளர்த்து, அரிவாளை நீட்டி, அண்ணனின் உயிரைக் கொண்டு கணக்கை முடிக்கும் பிற்பகுதி, இந்த உள்நோய்க்கு வெளியிலிருந்து ஒரு வில்லனைத் தருவித்துவிடுகிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை வென்ற இந்த ஆக்கத்தின் மெலிவு அங்கே உள்ளது.

இக்கரிசல் வட்டாரத்தின் மற்றோர் இருளைப் பதிவு செய்தது சலம் பென்னுர்கர் இயக்கிய 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற 1990-ஆம் ஆண்டு ஆவணப்படம். அப்படத்தில், தீப்பெட்டி ஆபீசுகளுக்கு வேலைக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பேருந்தும், கட்டையில் குச்சி அடுக்கும் விரல்களின் வேகமும், எந்த நுவார் கலைஞரும் திட்டமிட்டு அமைத்திராத காட்சிகள். இங்கே இருள் ஒரு பாணியாக வரவில்லை, வேலைநேரமாக வருகிறது.

பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை மையமாகக் கொண்ட கதைப்படத்தை இம்மண்ணிலிருந்து தமிழ்த்திரை இன்னும் உரிய கனத்துடன் ஆக்கவில்லை. வெடி ஒரு நொடியில் முடிந்துவிடுவதால் அதில் நாடகமில்லை என்று கருதப்படுகிறது போலும். துன்பியல் நிகழ்ச்சிகள் எதிர்பாராமல் வரவேண்டும், ஆயினும் ஒன்றன் காரணமாக மற்றொன்று வரவேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் இவ்விரண்டும் இருந்தன. விதி மீறிய உற்பத்தியும், தீபாவளிக்கு முந்தைய மாதங்களின் அவசரமும் அதற்குப் பின்னே கோத்துக் கிடந்தன. புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடிவந்தவர்களும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர். இறந்தோர் தொகை 40-ஐ ஒட்டியது. அந்த நண்பகலைப் படமாக்க முனைபவர், தீப்பிழம்பைக் கணினியில் வரைவதற்குமுன், உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளையும், துண்டுக்கணக்கில் கூலி எண்ணப்படும் சனிக்கிழமைகளையும் எழுதத் தொடங்க வேண்டும்.