கடைசி மூச்சும் கடைசி நிமிடமும்

அஸர் தொழுகைக்குப் பின் காயல்பட்டினம் கடற்கரையில் கூடுகிற எங்கள் சிறு வட்டத்தில் அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள். ஒருகாலத்தில் ஒரே அணியில் கால்பந்து ஆடியவர்கள். இன்று எவராலும் ஓட முடியாது. முழங்கால் வலித் தைலமும் சர்க்கரை மாத்திரையும் எங்கள் பேச்சில் பாதியைப் பிடித்துக்கொள்கின்றன. ஆயினும் ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில் மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டிகள் நடைபெறும் நாட்களில் எங்களைக் கடற்கரையில் காண இயலாது.

ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. எண்பத்தைந்து நிமிடங்கள் அருமையாக ஆடிய அணி, கடைசி ஐந்து நிமிடங்களில் கோல் வாங்கித் தலைகுனிந்து வெளியேறுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். கால்கள் சோர்ந்தது மட்டும் அதற்குக் காரணமன்று. ‘இனி என்ன, முடிந்துவிட்டது’ என்று மனம் முன்கூட்டியே மைதானத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலத்தை இழந்தார். பத்துத் தடைகளையும் தாண்டிய பிறகு, எல்லைக்கோட்டில் மார்பை முன்னே சாய்க்கும் அந்த ஒரே அசைவுதான் அங்கே குறைந்தது.

செயல்கள் அவற்றின் முடிவுகளைக் கொண்டே கணிக்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். போர்க்களத்தில் எல்லோரும் வியந்து போற்றிய ஒருவரின் முடிவு கெட்டுப்போன நிகழ்வையொட்டி அவர்கள் இதைச் சொன்னதாகப் புகாரீயில் பதிவாகியுள்ளது. நூலை உறுதியாக நூற்ற பின்னர் அதைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிய பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று அந்நஹ்ல் அத்தியாயமும் நம்மை எச்சரிக்கிறது. நாற்பது ஆண்டுத் தொழுகையையும் நோன்பையும் நூற்றவர், முதுமையில் ஒரு வீண் பிடிவாதத்தால் அதைப் பிரித்துவிடலாம். நம்மை அச்சுறுத்த வேண்டியது இதுவே.

ஆனால், நன்றாக முடிப்பது என்றால் கடைசிவரை வென்றுகொண்டே இருப்பது என்று பொருளாகாது. நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தைப் பந்தயத்தில் எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மனவருத்தத்தைத் தந்தது. இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தியே தீருவான் என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். நம் கால்களும் கடையும் பதவியும் வீட்டில் நமக்கிருந்த சொல்வாக்கும் ஒருநாள் முந்தப்படும். அது தோல்வியன்று, படைத்தவன் வகுத்த முறை. முந்திச் செல்லும் மகனைப் பார்த்து முகம் சுளிப்பதே தோல்வி.

வலு குறைகிறபோது குறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ரமளானிலும் பத்து நாட்கள் இஃதிகாஃப் இருந்த நபி (ஸல்) அவர்கள், தாம் மறைந்த ஆண்டில் இருபது நாட்கள் இருந்தார்கள். ஆட்டம் முடியப்போகிறது என்பதை உணர்ந்தவர் வேகத்தைக் கூட்டினார். நாமோ ஓய்வுபெற்றதும் தொலைக்காட்சியின் முன் சாய்ந்துகொள்கிறோம்.

நம் கரையின் பழைய தொழிலும் இதே பாடத்தைச் சொல்லிற்று. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. கல்லின் துணையோடு கடலடிக்கு இறங்கிய குளியாளிக்கு மூச்சுக் கருவி எதுவும் இல்லை. ஒரே மூச்சு, ஏறத்தாழ ஒரு நிமிடம், அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகள். அவர் கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். இன்னும் ஒரு சிப்பி என்று ஆசைப்பட்டு நேரத்தை மறந்தவருக்கு, அதுவரை அள்ளியதால் என்ன பயன்? கரை சேர்ந்த சிப்பிகளைத் திறக்காமலே குவியலாக ஏலம் விடுவது வழக்கம். எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறது என்பது குளித்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. நம் அமல்களும் அப்படியே. திறக்கப்படும் நாள் ஒன்று இருக்கிறது. அதுவரை நம் வேலை, மூச்சுள்ளபோதே அள்ளுவதும் அழைப்பு வரும்போது மேலேறத் தயாராக இருப்பதும்தான்.

எங்கள் அணியில் இடப்புறம் ஆடிய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு மறைந்தார். மருத்துவர் கைவிரித்த பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெயர்களை எழுதினார். யாருக்குக் கடன், யாரிடம் மன்னிப்பு என்று இரண்டே பத்திகள். மாலைதோறும் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகச் சென்றார். நம் வீட்டுக்கும் வந்தார். இளமையில் ஓர் ஆட்டத்தில் நம்மைக் குறை சொல்லித் திட்டியதற்காக மன்னிப்புக் கேட்டார். அந்த ஆட்டம் நமக்கு நினைவிலேயே இல்லை. அவருக்கு இருந்தது. அவருடைய ஜனாஸாவில் நின்றபோது, அந்த நோட்டில் அடிக்கப்படாத பெயர் ஒன்றுகூட இல்லை என்று அவருடைய மகன் சொன்னார். அவர் ஆடியதிலேயே மிகச் சிறந்த ஆட்டம் அந்த ஐந்து மாதங்கள்தாம் என்று நமக்குத் தோன்றியது.

அன்றிரவு நமக்கும் ஒரு நோட்டு தேவைப்பட்டது. முதலில் எழுத வேண்டிய பெயர் எது என்பதில் ஐயமே இல்லை. வாப்பாவின் வீட்டைப் பிரித்தபோது எழுந்த ஒரு சொல்லுக்காக, நம் காக்காவோடு ஒன்பது ஆண்டுகளாக நாம் பேசவில்லை. அவர் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாகப் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரே ஸஃப்பில் நின்று தொழுதோம், ஸலாம் கொடுத்ததும் வேறு வாசலால் வெளியேறினோம். மூன்று நாட்களுக்கு மேல் ஒரு முஸ்லிம் தன் சகோதரனை வெறுத்து ஒதுங்கக் கூடாது என்றும், ஸலாமை முந்திச் சொல்பவரே இருவரில் சிறந்தவர் என்றும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் நாமே.

சென்ற வாரம் இஷாவுக்குப் பின் அந்தத் தெருவால் நடந்தோம். நெஞ்சு படபடத்தது. கதவைத் திறந்த காக்காவுக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. நாம் சொன்ன ஸலாமில் குரலை அடையாளம் கண்டுகொண்டார். பதிலைச் சொல்லிவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். பாகப்பிரிவினையைப் பற்றி இன்னும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை. ஆயினும் இப்போது பள்ளிக்கு அந்தத் தெருவாலேயே போகிறோம்.

அன்பான வாசகர்களே, உங்கள் நோட்டிலும் முதல் பெயர் ஒன்று இருக்கும். நடுவர் ஊதும் நேரம் அவருக்கு மட்டுமே தெரியும். ஊதிய பின் அடித்த கோல் கணக்கில் வராது. யா அல்லாஹ், எங்கள் வாழ்நாளில் சிறந்ததை அதன் இறுதிப் பகுதியாகவும், எங்கள் நாட்களில் சிறந்ததை உன்னைச் சந்திக்கும் நாளாகவும் ஆக்குவாயாக. ஆமீன்.