ஒரு திர்ஹாம் படகும் ஒன்றரை லட்சம் திர்ஹாம் படமும்!

துபாயில் ஒரு திர்ஹாமுக்கு என்ன ஸார் கிடைக்கும்? கடை கொஞ்சம் பழசாக இருந்தால் ஒரு டீ கிடைக்கலாம். இன்னொன்று நிச்சயம் கிடைக்கும்... அப்ரா!

பர் துபாய்க்கும் தேராவுக்கும் நடுவே ஓடுகிற உப்புத் தண்ணீர்க் கழியை மரப்படகில் கடக்க அதே ஒரு திர்ஹாம்தான். நடுவில் ஒரு நீள பெஞ்ச். முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டியது. பக்கத்தில் தடுப்பெல்லாம் கிடையாது. ஒரு பக்கம் பாகிஸ்தான்காரர், இன்னொரு பக்கம் பிலிப்பைன்ஸ் பெண்மணி, தலைக்கு மேல் கடல் காக்கா. புர்ஜ் கலீஃபா உச்சிக்கு டிக்கெட் எடுத்து ஏறியதைவிட இதுதான் எனக்குப் பிடித்தது.

கூட வந்தவர்கள் இருவர். ஒருவர் பதினெட்டு வருஷமாக அங்கேயே இருக்கும் கீழக்கரை அண்ணன். இன்னொருவன் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் தம்பி. இட்லி வந்தால்கூட முதலில் போனுக்குக் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பான். ரீல்ஸ் பைத்தியம். (ஒரு காலத்தில் 'ரீல் விடுறான்' என்றால் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். இப்போதும் பெரிசாக மாறிவிடவில்லை!)

படகு நகர்ந்ததும் தம்பி போனைத் தூக்கினான். தண்ணீர், கட்டடம், மசூதி கோபுரம் என்று சுற்றி வந்த போன், எதிர் ஓரத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தின் பக்கம் திரும்பியது. அண்ணன் சத்தமே போடாமல் போனைக் கீழே அமுக்கினார்.

"கட்டடத்தை எடு, காக்காயை எடு. மனுசனை எடுக்காதே தம்பி."

"பப்ளிக் இடம்தானேண்ணே?"

"கரைக்கு வா, சொல்றேன்."

தேராவில் இறங்கினால் மூக்குக்குத்தான் முதல் மரியாதை. கிராம்பு, ஏலக்காய், காய்ந்த எலுமிச்சை, குங்குமப்பூ... மசாலா சந்தை. டீக்கடையில் உட்கார்ந்ததும் அண்ணன் சட்டம் எடுத்தார்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-ல் ஒரு சைபர் குற்றச் சட்டம் வந்தது. 34-ம் எண். 2022 ஜனவரியிலிருந்து அமல். அதில் 44-வது பிரிவு என்ன சொல்கிறது? சம்மதம் இல்லாமல், ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடும் நோக்கத்தோடு அவரைப் படம் எடுத்தால் குற்றம். பொது இடம், தனி இடம் இரண்டுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வெளியிட்டால்தான் என்றில்லை, எடுத்து வைத்திருந்தாலே சிக்கல். குறைந்தது ஆறு மாதம் சிறை, ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம். இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

தம்பி மனசுக்குள் பெருக்கிப் பார்த்தான். அக்கவுண்ட்ஸ் அல்லவா! ஒன்றரை லட்சம் திர்ஹாம் என்றால் சுமார் முப்பத்தைந்து லட்சம் ரூபாய். ஐந்து லட்சம் என்றால் ஒரு கோடியைத் தாண்டும். டீ ஆறிப் போனது.

"எனக்கு அந்த நோக்கமெல்லாம் இல்லையேண்ணே..."

"அதை நீ சொல்லக் கூடாது. கோர்ட்டு சொல்லணும். அதுவரைக்கும் உன் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கும்?"

படத்தில் இருப்பது உண்மைதானே என்கிற வாதமும் சுலபமாக எடுபடாது. கெடுதல் செய்யும் நோக்கத்தோடு போட்டால், விஷயம் நிஜமாகவே இருந்தாலும் குற்றம்தான். விபத்தில் அடிபட்டவர், இறந்தவர் படங்களை அனுமதியில்லாமல் எடுத்து அனுப்புவதும் அதே பிரிவுக்குள் வருகிறது. நம் ஊரில் 108-க்குப் போன் செய்வதற்கு முன்னால் நாலு பேர் வீடியோ எடுத்து முடித்து விடுகிறார்களே, அவர்களை ஒரு வாரம் இங்கே அனுப்பி வைத்தால் தேவலை. புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம், துபாய் போலீஸுக்கு ஈ-கிரைம் என்று தனி இணைய ஏற்பாடே இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் என்றால் கோர்ட் நாடு கடத்தவும் உத்தரவிடலாம்.

நம் நாட்டில்? 66-இ என்று ஒரு பிரிவு உண்டு. அது ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படமெடுப்பதற்கும் பரப்புவதற்கும். மூன்று வருஷம் வரை சிறை. டீ குடித்துக் கொண்டிருப்பவரைத் தெருவில் எடுத்தாலே குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. ஆனால், பஸ்ஸில் வாய் பிளந்து தூங்குபவர் இன்னமும் நமக்குக் காமெடி ரீல்தான்.

துபாய்ச் சட்டம் ரொம்பக் கடுமை என்றுதான் அதுவரை எனக்குப் பட்டது. அப்புறம் கழியோரமாக நடந்தோம்.

வரிசையாக மரக்கப்பல்கள். கரையில் ஃபிரிட்ஜ், டயர், அட்டைப் பெட்டி மலை. பெட்டி நிழலில் தள்ளுவண்டி மேலேயே ஒருவர் அசந்து தூங்கிக் கொண்டிருந்தார். சட்டையில் வியர்வை காய்ந்து உப்புக்கோடு. தம்பிக்குக் கை நிற்கவில்லை. "'துபாய் கனவு'ன்னு டைட்டில் வெச்சா அள்ளும்ணே!" நாலு செகண்ட் எடுத்தும் விட்டான். அண்ணன் தடுப்பதற்குள் அந்த ஆள் கண் விழித்தார். கோபமாகக் கத்துவார் என்று நினைத்தேன்.

"தமிழா? எந்த ஊரு தம்பி?"

"மன்னார்குடிங்க."

அவர் முகம் மாறிப் போனது. "நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அதை அழிச்சிடு ராசா. வீட்ல ஸ்டோர் கீப்பர்னு சொல்லி வெச்சிருக்கேன். பொண்ணுக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பேசிட்டிருக்காங்க."

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி எத்தனை தூரம்? வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷம்.

தம்பி அழித்தான். 'அழித்தவை' பெட்டியைத் திறந்து அங்கேயும் அழித்து, போனை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னான். ஒன்றரை லட்சம் திர்ஹாமுக்குப் பயந்து செய்த மாதிரி தெரியவில்லை.

எங்களோடு டீ குடித்தார். கிளம்பும்போது அவரே கூப்பிட்டார்.

"தம்பி, நல்லா ஒண்ணு எடேன். வீட்டுக்கு அனுப்பணும்."

குழாயில் முகம் கழுவினார். தலையை வாரினார். தம்பியின் கூலிங் கிளாஸை வாங்கி மாட்டிக் கொண்டு, அக்கரைக் கட்டடங்கள் பின்னால் தெரிகிற மாதிரி நின்றார்.

"கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து எடுப்பா... வண்டி தெரியுது."