சீகை மரத்தின் பச்சை

மேல் பழனி மலையின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல சரிவுகள் முன்பைவிடப் பச்சையாக இருக்கும். பார்க்கிற யாருக்கும் சந்தோஷம் வரும். அங்கே முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு வராது.

1973 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டிருந்தது. கொஞ்சம் விவசாயத்துக்குப் போனது. மீதியை மூடியது மரம்தான்: தோல் பதனிடவும் விறகுக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை, கூடவே யூகலிப்டஸ், பைன். புல்வெளி என்றால் தரிசு என்று எழுதிவைத்த காலத்தின் வேலை. சீகை இப்போது யாரும் நடாமலே பரவுகிறது.

ஆரோக்கியமான இலை சிவப்பொளியை விழுங்கி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைத்தான் என்டிவிஐ என்ற எண்ணாக்குகிறோம். ஜனவரி உறைபனியில் புல் கருகிப் பழுப்பாகும். சீகை வருஷம் முழுக்கப் பச்சை. ஆகவே முதல் மார்க் சீகைக்கு. நல்லவேளை, அதே பழுப்பை வைத்துப் புல்வெளியைத் தனியாகப் பிரிக்கவும் முடிகிறது.

குறிஞ்சி இருப்பது இந்தப் புல்வெளியில். 2024இல் ஐயூசிஎன் அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களில் சேர்த்தது.

நான் பெங்களூருவில், விளம்பரத்தை யார் க்ளிக் செய்வார்கள் என்று கணிக்கும் மாடல்களைச் செய்து சம்பளம் வாங்குகிறவன். வார இறுதிகளில் குறிஞ்சிக்கு மேக்ஸென்ட் ஓட்டுகிறேன். கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான் (ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள்). செடியைக் கண்ட இடங்களோடு உயரம், மழை, வெப்பம் எல்லாம் கொடுத்தால், நிலத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஓர் எண் தரும்.

சிக்கல் அந்தக் ‘கண்ட இடங்களில்’தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற செடி. பூக்காத வருஷங்களில் அது சும்மா ஒரு புதர், யார் நின்று போட்டோ எடுப்பார்கள்? 2018இல் எடுத்தவர்களும் பெரும்பாலும் கார் போகிற இடத்தில் எடுத்தார்கள். அப்புறம் மாடல் குறிஞ்சியைக் கற்றதா, ரோட்டைக் கற்றதா? இதற்கு ஒரு வழி உண்டு. ஒப்பிட எடுக்கும் புள்ளிகளையும், ஜனங்கள் மற்ற செடிகளைப் பதிவு செய்த இடங்களிலிருந்தே எடுக்கவேண்டும். எடுத்தேன். ரோட்டோரம் மங்கியது, தள்ளியிருந்த சரிவுகள் துலங்கின.

அப்போதும் சீகைக் காட்டுக்குள் 0.8 காட்டியது. மழையும் உயரமும் அங்கே மாறவில்லையே! செயற்கைக்கோள் காட்டும் புல்வெளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டியபின் மிஞ்சியவை மூன்று சரிவுகள்.

மன்னவனூர்ப் பக்கம் மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனில் காட்டினேன். முதலாவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இதுலயும் சீகை ஏறிருச்சு தம்பி. ரெண்டு வருஷமாச்சு.”

“இது, ஐயா?”

“இங்க இருக்கு. போன தடவ பூத்தப்ப பாத்தேன்.”

என்னிடமிருந்த தரவில் அந்தச் சரிவுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாவதை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்கு ரோடு கெடையாது தம்பி. காலையில வெள்ளனமே கெளம்பினா போயிட்டு வந்துரலாம்.”