வெயிட்டிங் ரூமும் நாலு ஏக்கர் கரிசலும்

ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆணி பிடுங்கிட்டு, அதுக்கப்புறம் ஜெர்மன் வீட்டுப்பாடம் எழுத உட்காருறவன் நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. அந்தப் பாவி நான்தான். காலேஜ்ல அரியர் வச்சப்போகூட இவ்வளவு படிச்சதில்ல. அந்த மொழியில மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், பொண்ணு மட்டும் அஃறிணை. தொல்காப்பியர் பார்த்தா என்ன சொல்வாரோ!

எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னா, எங்க கிளையண்ட் ஜெர்மன்காரங்க. பி1 பரீட்சை பாஸ் பண்ணினா அங்கேயே போய் உட்காரலாம்னு ஒரு பேச்சு. பேச்சு ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. போன தீபாவளிக்குள்ள போயிடுவேன்னு ஊர்ல சொல்லி வச்சிருந்தேன். பொங்கல்னாங்க, ஏப்ரல்னாங்க. நான் இன்னும் ஓ.எம்.ஆர்ல ஷேர் ஆட்டோவுக்குத்தான் நிக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை வகுப்புல எங்க வாத்தியாரம்மா 'வார்ட்டன்' அப்படின்னு ஒரு வினைச்சொல் நடத்தினாங்க. காத்திருக்கிறதுன்னு அர்த்தம். ஸால்னா பெரிய கூடம். சேர்த்தா 'வார்ட்டஸால்', நம்ம ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம். (வார்த்தையோட வார்த்தையை ஒட்டிக்கிட்டே போற பழக்கம் நம்மள மாதிரியேதான். புணர்ச்சி விதி மட்டும் இல்ல, அந்த மட்டும் புண்ணியம்.) உதாரணத்துக்கு ஒரு பழைய பாட்டைப் போட்டு விட்டாங்க. தலைப்பு 'இம் வார்ட்டஸால் ட்ஸும் க்ரோஸன் க்ளூக்'. பெரும் அதிர்ஷ்டத்துக்கான காத்திருப்பு அறையில், அப்படின்னு வச்சுக்கலாம்.

1956 மே 24. சுவிட்சர்லாந்துல லுகானோன்னு ஒரு ஊரு. அங்க குர்ஸால் தியேட்டர்ல யூரோவிஷன் பாட்டுப் போட்டி முதல் தடவையா நடக்குது. ஏழு நாடு, நாட்டுக்கு ரெண்டு பாட்டு, ஆக 14 பாட்டு. பல நாட்டு டிவி நிலையங்களை ஒண்ணா இணைச்சு ஒரே நேரத்துல ஒரே நிகழ்ச்சியை ஓட்ட முடியுமாங்கிற சோதனையும் இதுக்குள்ள இருந்துச்சு. போர் முடிஞ்சு 11 வருஷம்தான் ஆகியிருக்கு. ஒருத்தர் மேல ஒருத்தர் குண்டு போட்ட நாடுகள், இப்ப வரிசையா வந்து பாட்டுப் பாடுது. டிவி வச்சிருந்தவங்க கம்மி, பெரும்பாலான ஜனம் ரேடியோவுலதான் கேட்டிருக்கு.

அந்தப் போட்டியில முதல்ல ஒலிச்ச ஜெர்மன் மொழிப் பாட்டு ஜெர்மனியோடது இல்ல. சுவிட்சர்லாந்துக்காக லிஸ் அசியா பாடின, ஒரு பழைய ராட்டினத்தைப் பத்தின பாட்டு. ஜெர்மனியோட முதல் பாட்டுதான் இந்த வெயிட்டிங் ரூம். எழுதி, மெட்டுப் போட்டு, பாடினது எல்லாம் ஒரே ஆளு. வால்டர் ஆந்திரியாஸ் ஷ்வார்ட்ஸ்.

ஷ்வார்ட்ஸ்னா கறுப்பு. கரிசல்காரனுக்கு அந்தப் பேரு போதாதா, நிமிர்ந்து உட்கார! கரிசல் மண்ணுக்கு ஜெர்மன்ல 'ஷ்வார்ட்ஸ்எர்டே'ன்னே பேரு. அந்த மண்ணுக்கு அங்க பேர்போன இடம் மாக்டெபுர்க் சமவெளி. இவர் 1913ல பிறந்த ஆஷர்ஸ்லேபன் அதுக்குப் பக்கத்து ஊர்தான். என்ன, அவங்க கரிசல்ல கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் விளையும். நம்ம கரிசல்ல விளையிறது பெரும்பாலும் கடன்.

பாட்டு என்ன சொல்லுதுன்னா, ஒரு துறைமுகம். கப்பல் வர்றது அபூர்வம். அங்க கடலைப் பார்க்க ஒரு கூடம் கட்டி ஜனங்க உட்கார்ந்திருக்காங்க. நேத்துல இருந்து உட்கார்ந்திருக்காங்க, நாளைக்கு வரப்போற நல்லதுக்காக. நடுவுல இன்னிக்குன்னு ஒரு நாள் இருக்கறதை மறந்துட்டாங்க. அவ்வளவுதான் விஷயம். குரல்ல பெரிய அழுகை எல்லாம் கிடையாது. பாதி பேச்சு, பாதி பாட்டு. டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து ஒருத்தர் லேசான கிண்டலோட கதை சொல்ற மாதிரி இருக்கும். பாடின மனுஷன் நாஜிகளோட வதைமுகாமிலிருந்து உயிரோட மீண்டவர்னு தெரிஞ்சப்புறம் அந்தக் கிண்டல் வேற மாதிரி கேட்டுச்சு. பழசை எல்லாம் மறந்துட்டு அடுத்து வரப்போற வசதியைப் பத்தியே பேசிக்கிட்டிருந்த தேசத்தோட சார்பா, அந்தத் தேசத்தையே குத்தி ஒரு பாட்டு. அதை அனுப்பி வச்சதும் அந்தத் தேசம்தான். அந்த ஊர் ரேடியோக்காரங்களுக்கு ஒரு சபாஷ் போடணும்.

ஜெர்மனியோட இன்னொரு பாட்டை ஃப்ரெடி க்வின் பாடினார். ராத்திரிக்கு ஒரு ஆளோட சுத்துற காதலியைப் பத்தின துள்ளல் பாட்டு. அதே 1956ல அவர் 'ஹைம்வே'ன்னு ஒரு இசைத்தட்டு போட்டு எங்கேயோ போயிட்டார். ஹைம்வேன்னா ஊர் ஏக்கம். அந்த வார்த்தைக்கு வாத்தியாரம்மா விளக்கமே சொல்ல வேண்டியிருக்கல. வகுப்புல பாதிப் பேர் மதுரைக்குத் தெற்க.

ஷ்வார்ட்ஸ் அதுக்கப்புறம் பாட்டுல பெருசா வரல. எழுத்து, ரேடியோ நாடகம்னு போயிட்டார். இங்கதான் நம்ம பொட்டி தட்டுற ஜாதிக்கு ஒரு சேதி. டக்ளஸ் ஆடம்ஸோட ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு இருக்குல்ல, அது 1981ல ஜெர்மன் ரேடியோ நாடகமா வந்துச்சு. அதை ஜெர்மன்ல ஆக்கினது இதே ஷ்வார்ட்ஸ்! வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்னு ஒரு கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுட்டு 75 லட்சம் வருஷம் காத்திருந்து, கடைசியில '42'ன்னு பதில் வாங்குற கதை. வெயிட்டிங் ரூம் எழுதின ஆளுக்குப் பொருத்தமான வேலைதான்.

சரி, இப்பக் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊரு கோவில்பட்டிக்குக் கிழக்க, எட்டயபுரம் போற வழியில உள்ளே. அப்பாவுக்கு நாலு ஏக்கர் கரிசல். முழுக்க மானாவாரி. கிணறு கிடையாது, வெட்டினாலும் தண்ணி கிடையாது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, மக்காச்சோளம். வருஷத்துல மிச்ச மாசமெல்லாம் நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். சின்ன வயசுல அந்த வெடிப்புக்குள்ள பம்பரம் விழுந்து தேடியிருக்கேன். மழை பெஞ்சாலோ, செருப்பைப் பிடுங்கிக்கிட்டுத்தான் அனுப்பும்.

அதனால எங்க பக்கம் மேகத்தைப் பார்க்கிறது ஒரு வேலை. பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன், தான் மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினதாவும், ஒதுங்கின பிறகும் பள்ளிக்கூடத்தைப் பார்க்காம மழையைப் பார்த்துட்டு இருந்துட்டதாவும் சொல்லுவார். வெளியூர்க்காரங்களுக்கு அது ஜோக். எங்களுக்கு அது சாதாரணத் தகவல்.

எங்க வீட்டுல நான் படிச்சதும் அந்த நாலு ஏக்கர்ல இல்ல. அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கின காசுலயும், நிலத்து மேல வாங்கின கடன்லயும்தான். அப்பா வருஷா வருஷம் "இந்த வெள்ளாமை வந்துரும்யா" என்பார். 2018ல மக்காச்சோளத்துல படைப்புழு வந்துச்சு. குருத்துக்குள்ள புகுந்து மொத்தமும் சல்லடை. 2023ல மழை நேரத்துக்கு வராம இழுத்து, ஒருவழியா பயிர் எந்திரிச்சு நின்னப்போ டிசம்பர் 17, 18ல வந்துச்சு பாருங்க ஒரு மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். எங்க காட்டுல உளுந்து தண்ணிக்குள்ள அழுகிப்போச்சு. வாழ்நாளெல்லாம் மழைக்குக் காத்துக் கிடந்த மனுஷன், வரப்பு எதுன்னு தெரியாம முட்டளவு தண்ணிக்குள்ள நிக்கிற போட்டோவைத் தம்பி அனுப்பினான். அதை நான் ரெண்டாவது தடவை திறந்து பார்க்கல.

இப்ப ஒரு வருஷமா ஒரு தரகர் வந்துக்கிட்டு இருக்கார். சோலார் போட இடம் வேணுமாம். சுத்திப் பல பேர் கொடுத்துட்டாங்க. எங்களோடது நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கு. விலையும் மோசம் இல்ல. கொடுத்துட்டா கடன் தீரும், அப்பா நிம்மதியா உட்காரலாம். இதை நான் நாலு தடவை சொல்லிட்டேன். "பாப்போம்யா, இந்த வருசம் மழ எப்டினு பாப்போம்" - இதான் பதில்.

அன்னிக்கு வகுப்பு முடிஞ்சு வரும்போதே முடிவு பண்ணிட்டேன், அப்பாவுக்கு எதிரா இந்தப் பாட்டுதான் என் சாட்சி. எழுபது வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தன் உங்களைப் பத்திப் பாடியிருக்கான்னு சொல்லிடணும். ராத்திரி போன் போட்டுக் கதையை முழுசாச் சொன்னேன். துறைமுகம், கூடம், வராத கப்பல், எல்லாம்.

அப்பா பொறுமையாக் கேட்டுட்டு, "அவங்க என்ன வேல பாக்காங்க?" என்றார்.

"யாருப்பா?"

"அந்த ரூமுக்குள்ள இருக்கவங்க."

"ஒண்ணும் பாக்கலப்பா. கப்பலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"டிக்கெட்டாவது எடுத்துருக்காங்களா?"

"அதெல்லாம் பாட்டுல இல்லப்பா."

"அப்ப அது வேற, நாங்க வேறய்யா. நாங்க வெதைய மண்ணுக்குள்ள போட்டுட்டுல்ல மேகத்தப் பாக்கோம்."

எனக்குச் சட்டுனு பதில் வரல. அவர் சொன்னது புழுதி விதைப்பு. மழை வர்றதுக்கு முந்தியே காஞ்ச புழுதியில விதைச்சுட வேண்டியது. மழை விழுந்த பிறகு விதைக்கலாம்னு இருந்தா கரிசல்ல டிராக்டரோ ஏரோ இறங்காது, பருவமும் தப்பிரும். விதை உள்ளே சும்மா கிடக்கும். முதல் நல்ல மழையில முளைக்கும். மழை பொய்ச்சா விதை போச்சு, உழவுக்கூலி போச்சு. அவர் காத்திருக்கிறது அந்தப் பணத்தையும் உழைப்பையும் மண்ணுக்குள்ள வச்சுட்டு.

போனை வச்சுட்டு மறுபடி பாட்டைக் கேட்டேன். நான் என்ன விதைச்சிருக்கேன்? ஜெர்மனி போயிட்டு கல்யாணம், ஜெர்மனி போயிட்டு வீட்டுக்கு மாடி, ஜெர்மனி போயிட்டு அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அம்மா முழங்காலுக்கு ஜெர்மனி எதுக்கு? என் சம்பளத்துலயே இன்சூரன்ஸ் இருக்கு. அட கூமுட்டை, கூடத்துக்குள்ள ஜன்னலோர சீட் போட்டு உட்கார்ந்திருக்கிறது நீதான்டானு யாரோ பிடரியில போட்ட மாதிரி இருந்துச்சு. நிலத்து விஷயத்துல இன்னும் நான் சொல்றதுதான் சரின்னு தோணுது, அது வேற. ஆனா அப்பாவைத் திட்ட நான் கொண்டுபோன பாட்டு அவர் மேல ஒட்டல.

அந்தப் போட்டி எப்படி முடிஞ்சதுன்னு சொல்லலையே. ஜெயிச்சது லிஸ் அசியாதான், ஆனா ராட்டினப் பாட்டுக்கு இல்ல, 'ரெஃப்ரெய்ன்'ங்கிற பிரெஞ்சுப் பாட்டுக்கு. ஜெயிச்சவங்க பேரை மட்டும் அறிவிச்சாங்க. ரெண்டாவது யாரு, கடைசி யாரு, யாருக்கு எத்தனை மார்க்கு, எதையும் சொல்லல. ஓட்டு ரகசியம். அடுத்த வருஷம் 1957ல ஃப்ராங்ஃபர்ட்ல நடத்தினப்பத்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி பலகையில மார்க்குப் போடுற பழக்கம் வந்துச்சு. அதனால ஷ்வார்ட்ஸ் எந்த இடம்னு அதிகாரபூர்வமா ஒரு கணக்கும் கிடையாது. அன்னிக்கு நிகழ்ச்சியோட முழு ஒளிப்பதிவும் மிஞ்சல. அவர் குரல்தான் மிச்சம். ஜெர்மன் மொழியில ஒரு பாட்டு ஜெயிக்க 1966 வரைக்கும் ஆச்சு. அதுவும் ஆஸ்திரியாவுக்காக உடோ யூர்கன்ஸ் பாடினது. ஜெர்மனி நாடு ஜெயிக்க 1982, நிக்கோல்னு ஒரு 17 வயசுப் பொண்ணு. 26 வருஷக் காத்திருப்பு!

(நம்ம கதை பரவாயில்ல. 2002ல பிபிசி உலக சேவை, உலகத்துக்குப் பிடிச்ச பாட்டு எதுன்னு நேயர்கள்கிட்ட ஓட்டு கேட்டப்போ 'ராக்கம்மா கையத் தட்டு' நாலாவது வந்துச்சு. அது ஊரறிஞ்ச நாலு. எனக்கு அப்ப அஞ்சு வயசு, ஓட்டுப் போட்ட பாவத்துல பங்கில்ல.)

புரட்டாசி கடைசியில லீவு போட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடிச்சேன். வெயிட்டிங் லிஸ்ட்தான், கடைசி நேரத்துல ஆர்.ஏ.சி. ஆச்சு. ரெண்டு நாள் அப்பாவோட காட்டுல நின்னேன். டிராக்டர் போற பக்கமெல்லாம் கறுப்புப் புழுதி. மூக்கைச் சிந்தினா மூணு நாளைக்குக் கரிசல்தான் வரும். விதைச்ச உளுந்தை விரலால கிளறி ஆழம் பார்த்துட்டு அப்பா ஒண்ணும் பேசல. திரும்பி வர்ற வழியில அம்மாவைத் திருநெல்வேலியில முழங்கால் டாக்டர்கிட்ட காட்டி, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டு வந்தேன். தரகருக்கு அப்பா இன்னும் பதில் சொல்லல. நானும் இந்த வாட்டி கேக்கல.

நேத்து ராத்திரி போன்ல மழையைக் கேட்டேன். வடகிழக்க ரெண்டு நாளா கருக்கல் கட்டிக்கிட்டு நிக்குதாம், இறங்கலையாம். வைக்கறதுக்கு முன்னாடி அவரே கேட்டார்.

"அந்தக் கப்பல் பாட்டுக்காரரு எத்தனாவது வந்தாரு?"

"தெரியாதுப்பா. ஓட்டு விவரத்தைச் சொல்லவே இல்ல."

"எழுவது வருசமாவா?"

"ஆமாப்பா."

"நல்ல ஆளுகதான். சரிய்யா, நேரமாச்சு, படு."